மஞ்சள் வந்தால் பயமில்லை

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நூல்பாளையம் மகளிர் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவி கோமளவல்லி, ஆய்வக உதவியாளர் ஆறுச்சாமி, மூன்றாம் ஆண்டு மாணவியர் நாகமணி, ஜரீனா, எமிலி ரோஸ்லின். கல்லூரித் தாளாளர் மயில்சாமியும் வந்தார்; ஆனால் வெள்ளை வேட்டியில் கறை படக் கூடாதென்று நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனதால், அவரையும் சேர்த்து ஆறு பேர் என்பதா, அவரை விட்டு ஐந்து பேர் என்பதா என்பதில் ஊருக்குள் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. வேறு எவரும் இல்லை. பின்னாளில் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் முப்பது பேருக்குக் குறையமாட்டார்கள். அந்த ஆய்வகத்தில் முப்பது பேர் நிற்க இடம் கிடையாது.

அன்றைய வேலை மெத்தில் ஆரஞ்சு என்னும் சாயத்தைத் தயாரிப்பதும், தயாரித்ததை அமிலத்திலும் காரத்திலும் சொட்டுவிட்டு, அது ஒழுங்கான நிறங்காட்டியாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதும். சல்ஃபனிலிக் அமிலத்தைச் சோடா உப்புக் கரைசலில் கரைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்து, பனிக்கட்டியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த முகவையில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அப்போது உண்டாகும் பொருள் ஐந்து பாகை வெப்பத்துக்கு மேல் உயிர் தரிக்காது. சூடு ஏறினால் குமிழிவிட்டு அழிந்துபோகும். ஆகவே பனிக்கட்டி இல்லாமல் இந்த வேலை இல்லை. காலையிலிருந்து மின்சாரம் இல்லாததால் கல்லூரியின் குளிர்பெட்டி வெறும் பெட்டியாக நின்றது. ஆறுச்சாமி மொபெட்டில் மீன் சந்தைக்குப் போய், மரத்தூள் அப்பிய ஒரு பனிப்பாளத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“மீன் படுக்கற ஐஸ்ல சாயம் போடறோமுங்க. இதுக்குத்தான் என்னையச் சாயப்பட்டறையில இருந்து தூக்கிட்டு வந்து இங்க ஒக்கார வெச்சாங்க,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“ஏனுங்ணா, சாயத்துல மீன் வாசம் அடிக்குமா?” என்றாள் நாகமணி.

“உன்ற மார்க்குலயே அடிக்கும். போம்மணி.”

ஆறுச்சாமி வாயைத் திறந்தால் வருவது இப்படித்தான். மயில்சாமியின் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் சாயத் தொட்டியில் நின்றுவிட்டு, இருமல் கண்டபிறகு கல்லூரிக்கு வந்து, இருபது வருஷமாக எந்தப் புட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியவராக இருந்த அவர், அந்த இருபது வருஷத்தில் மழையைக் குறைசொன்னார், வெயிலைக் குறைசொன்னார், புதிதாக வந்த மேசைகளைக் குறைசொன்னார், பழைய மேசைகளை எடுத்துப் போனதையும் குறைசொன்னார். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் மீதமிருந்தது. கோமளவல்லி அவருடைய பேச்சுக்குக் காதைக் கொடுப்பதை எப்போதோ விட்டிருந்தாள். வேலையில் குறைவைக்காத ஒருவர் வாயில் குறைவைப்பதை மன்னிக்கலாம் என்பது அவளது கொள்கை.

கோமளவல்லியைப் பற்றி ஊர் அறிந்தது ஒன்று உண்டு. இருபத்தேழு வருஷமாகப் பாடம் சொன்ன அவள், சொன்ன வாக்கியம் ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. கரும்பலகையில் எழுதியதை அழித்துத் திருத்தியதில்லை. அவளிடம் படித்துப் போன பெண்கள் வேறு ஊர்களில் ஆசிரியைகளாகி, அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களையே முற்றுப்புள்ளி மாறாமல் தங்கள் மாணவர்களுக்கு எழுதிப் போட்டார்கள். இதில் அவளுக்குப் பெருமை இருந்தது; அதை அவள் மறைத்ததும் இல்லை.

சாயம் நல்லபடியாகவே வந்தது. டைமெத்தில் அனிலினைச் சேர்த்ததும் முகவை குங்குமமாகச் சிவந்தது. சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றியதும் கிச்சிலிப்பழத் தோலின் நிறத்துக்குத் திரும்பியது. வடிகட்டிய கரைசலில் ஒரு துளியை அமிலத்தில் விட்டார்கள், சிவப்பு. ஒரு துளியைக் காரத்தில் விட்டார்கள், மஞ்சள். ஒரு துளியைக் குழாய்த் தண்ணீரில் விட்டார்கள், அதுவும் மஞ்சள். அங்கேதான் ஜரீனாவுக்குச் சந்தேகம் வந்தது. அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிற பெண்.

“மேம், மஞ்சள் வந்தா அது நடுநிலையா, இல்ல காரமா? ரெண்டுக்கும் ஒரே மாதிரி வருதே?”

இதற்குச் சரியான விடை நீளமானது. இந்தச் சாயம் அமிலத்தை மட்டுமே அடையாளம் காணும். அமிலத்தன்மை ஒரு எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் மஞ்சளாகிவிடும். அதற்கப்பால் இருப்பது குடிநீரா, தோலை உரிக்கும் காஸ்டிக் என்னும் கடுங்காரமா என்பது அதற்குத் தெரியாது. கோமளவல்லி இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பனி உருகிக்கொண்டிருந்தது, வெளியே அடுத்த வகுப்பின் பெண்கள் கூடிவிட்டார்கள், நாகமணி வேறு அமிலப் புட்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவள் சொன்னாள்:

“சிவப்பு வந்தால் அமிலம். மஞ்சள் வந்தால் பயமில்லை. எழுதுங்கள்.”

எழுதினார்கள். நிலைப்படியில் நின்ற மயில்சாமியும் அதைக் கேட்டுத் தலையசைத்து, “நல்ல வாக்குங்க மேடம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கிய சற்று நேரத்தில் வடிகுடுவையின் கழுத்தில் விரிசல் விழுந்து, சாயம் முழுவதும் மேசையில் பரந்து ஓரத்துக்கு ஓடியது. பாடுபட்டுச் செய்தது தரைக்குப் போகக் கூடாதென்று ஐந்து பேரும் ஒரே கணத்தில் வலக்கையை மேசையோரத்தில் அணையாக வைத்தார்கள். ஐந்து உள்ளங்கைகளிலும் சாயம் ஏறியது. சோப்பில் போகவில்லை, சாராயத்தில் போகவில்லை, ஆறுச்சாமி பட்டறைக் காலத்து அனுபவத்தில் வெளுப்பான் கரைத்துக் கொடுத்தார், அதிலும் போகவில்லை. அன்று சாயந்தரம் ஜரீனா வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்தபோது அவள் உள்ளங்கை செக்கச்செவேலென்று சிவந்தது. கையைக் கழுவியதும் மஞ்சளாயிற்று.

நூல்பாளையத்தில் இதற்கு யாரும் வாய்பிளக்கவில்லை. முழங்கைவரை நீலமும் பச்சையுமாக வீடு திரும்புகிற ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர் அது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, சாயம் நிற்குமா என்பது. நிற்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் நல்ல சாயம்தான் என்று சொல்லிவிட்டு, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். நாகமணியின் தாய் ருக்மணி மறுநாள் விடியற்காலையில் மகளை எழுப்பி அவள் கையை மாவுச் சட்டிக்குள் விட்டு, “சித்தெ செவந்திருக்குது, போதும்,” என்று, மாவு அளவாகப் புளித்ததாக முடிவுசெய்து இட்லி ஊற்றினாள். இதைக் கேள்விப்பட்டு இரண்டு ஓட்டல்காரர்கள் ஆளனுப்பினார்கள். தயிர்க்காரர் தம் தயிர் புளிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக எமிலி ரோஸ்லினைப் பிள்ளையார் கோவில் முக்குவரை அழைத்துப்போய் நிறுத்தினார். அவள் கை சிவந்துவிட்டதால் அவரே அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

இதுவரை நடந்ததை வேதியியல் என்று சொல்லிவிடலாம். ஏழாம் நாள் காலையில், கழுவித் துடைத்த உலர்ந்த சோதனைக் குழாயை ஆறுச்சாமியிடமிருந்து வாங்கும்போது ஜரீனாவின் விரல்கள் அவர் விரல்களில் பட்டன. அவள் உள்ளங்கை சிவந்தது. அவர் கை சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை கழுவச்சொல்லி இன்னொரு தடவை தொட்டாள்; இன்னும் சிவந்தது. நாகமணியைத் தொட்டாள், மஞ்சள். எமிலியைத் தொட்டாள், ஆரஞ்சு. எமிலிக்கு அன்று தன் அண்ணியோடு சண்டை.

“நீங்களே அமிலமா இருக்கீங்கண்ணா,” என்றாள் ஜரீனா.

“இருபது வருஷமா இதைத்தான் கண்டுபுடிச்சீங்களாக்கும்,” என்றார் ஆறுச்சாமி. தம் உள்ளங்கையை அவர் யாருக்கும் காட்டவில்லை. அது சாயம் பட்ட நாளிலிருந்தே சிவப்பாகத்தான் இருந்தது, ஓயாமல் அவரையே தொட்டுக்கொண்டிருந்ததால்.

ஆக, அந்தச் சாயம் பொருளின் புளிப்பை மட்டுமல்லாமல் ஆளின் புளிப்பையும் காட்டுகிறது என்பது ஒரு வாரத்துக்குள் நிலைபெற்ற செய்தியாயிற்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் கோமளவல்லி சொல்லியிருப்பாள், தெரியாது என்று, ஏனென்றால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவளுக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஊர் ஏன் என்பதை விட்டுவிட்டு எப்படி என்பதைப் பிடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்த கையோடு மாணவி ஒருத்தியிடம் கைகொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பட்டது. கருவலூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவன் கைகொடுத்ததும் சிவப்பு வந்தது, ஊறுகாய் தின்ற கை என்றாள் அவன் தாய், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுத்தான், மேலும் சிவந்தது, சம்பந்தம் முறிந்தது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவருகிறவர்களைச் சோதித்தார்கள். கோவில் விழாக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது மூன்று பெண்களையும் வரிசையாக உட்காரவைத்து, விண்ணப்பித்தவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாதாகோவில் பாடகர் குழுவில் பத்து வருஷமாகப் பேசாமலிருந்த இரு சகோதரிகள், எமிலியின் கையில் இருவருக்கும் ஒரே சிவப்பு வந்ததைப் பார்த்து, அந்த ஒற்றுமைக்காகவே சமாதானமானார்கள். பேச்சும் மாறிற்று. அவன் கொஞ்சம் செவப்பு, அவ பத்தரை மாத்து மஞ்சள் என்று பேசிக்கொண்டார்கள். சம்மதமா என்று கேட்பதற்குப் பதிலாக மஞ்சளா என்று கேட்டார்கள்.

அதோடு கோமளவல்லியின் வாக்கியமும் புறப்பட்டது. ஆட்டோக்களின் முதுகில் அது ஏறியது: மஞ்சள் வந்தால் பயமில்லை. பாத்திரக் கடைப் பலகையிலும், ஆரம்பப் பள்ளிச் சுவரிலும், கல்யாணப் பத்திரிகைகளின் நெற்றியிலும் அது எழுதப்பட்டது. மஞ்சளை மங்கலம் என்று ஏற்கெனவே அறிந்திருந்த ஊருக்கு, படித்த ஒரு அம்மாள் அதை ஆய்வகத்தில் நின்று உறுதிசெய்துவிட்டாள் என்பது இரட்டிப்புத் திருப்தி. இங்கே ஒரு கேள்வி இருந்தது. புளிக்காதது எல்லாம் நல்லதா என்ற கேள்வி. காரம் என்றால் அவர்களுக்கு மிளகாய். மிளகாயை யார் கையிலும் சாயம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நாக்கே சொல்லிவிடும். ஆகவே காரத்துக்கு என்ன நிறம் என்று எவரும் கேட்கவில்லை.

கோமளவல்லியின் உள்ளங்கை எப்போதும் மஞ்சளாகவே இருந்தது. தொட்டது நூலோ, சாக்கட்டியோ, தன் முகமோ, மஞ்சள். அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நடுநிலை என்றால் இதுதான் என்று சொல்லிப் போனார்கள். வேதியியலின்படி அது எதையும் நிரூபிக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் மறுத்துச் சொல்லவில்லை. சுவரெல்லாம் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தை அதைச் சொன்னவளே வந்து அடித்துத் திருத்துவது அழகாக இராது என்று எண்ணினாள். அல்லது எண்ணாமலே இருந்துவிட்டாள். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

அந்த வருஷம் ஆவணியில் மாணவியருக்கு வாய் புண்ணாகத் தொடங்கியது. முதலில் உதடு வெடித்தது, பிறகு நாக்கில் தோல் உரிந்தது. சத்துக்குறைவு என்றார் மருந்துக்கடைக்காரர். வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார்கள், நெய் தடவினார்கள். நாற்பது பெண்களுக்கு வந்தபிறகு, கல்லூரியில்தான் ஏதோ இருக்கிறது என்று பெற்றோர் திரண்டு வந்து குடிநீர்த் தொட்டியின் அருகே நின்றார்கள். நாகமணி கையை விட்டாள்: மஞ்சள். ஜரீனா விட்டாள்: மஞ்சள். எமிலி விட்டாள்: தெளிந்த, வெயிலில் மின்னுகிற மஞ்சள். தண்ணீரில் குற்றமில்லை என்று தீர்ந்தது. தண்ணீரில் இல்லையென்றால் எதில்?

“தண்ணி மஞ்சள்தான். ஊத்தற கை என்ன நெறமுன்னு பாருங்க,” என்றாள் ருக்மணி.

தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, குழாய்களைத் திறந்துவிடுவது ஆறுச்சாமி. அமில அலமாரிக்குச் சாவி வைத்திருப்பவரும் அவரே. இதற்குமேல் யோசிக்க எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லூரிக் கூடத்தில் தாளாளர் தலைமையில் கூட்டம் என்றும், அதுவரை ஆறுச்சாமி எதையும் தொடக் கூடாது என்றும் முடிவாயிற்று. தண்ணீர் குற்றமற்றது என்று தீர்ந்துவிட்டதால், அதே தண்ணீரை நாகமணியின் மாமா வந்து தொட்டியில் நிரப்பினார். பெண்கள் தொடர்ந்து குடித்தார்கள்.

ஆறுச்சாமி ஒரு முக்காலியை எடுத்து ஆய்வகத்தின் மூலையில் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “தொடாதேன்னா இந்த முக்காலியத் தொடலாமுங்களா மேடம்? கேட்டுச் சொல்லுங்க,” என்றார்.

வியாழக்கிழமை காலையில் எமிலி ரோஸ்லின் வகுப்புக்கு வந்தாள். நாக்கு உரிந்திருந்ததால் பேச முடியாமல், நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து எழுதி நீட்டினாள்: “மேம், தண்ணீர் வழுக்குகிறது. சோப்பு மாதிரி.”

கோமளவல்லி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருந்தாள். சித்திரை மாதத்தில், சாயம் பட்டதற்கெல்லாம் முன்னால், ஆறுச்சாமி சொன்னார்: “தொட்டித் தண்ணி வழவழங்குதுங்க மேடம். பட்டறையில காஸ்டிக் தொட்டியக் கழுவுன தண்ணி இப்படித்தான் இருக்கும்.” பிறகு வைகாசியில் ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவையும். மேசை ஆடுகிறது, ஜன்னல் இறுகிக்கொண்டது, புதுத் துடைப்பம் பெருக்கவில்லை என்கிற பட்டியலில் இதையும் சேர்த்துச் சொன்னார். அவளும் அந்தப் பட்டியலோடு சேர்த்தே அதை விட்டாள். அமிலம் பட்டால் சுடும். உடனே கையை இழுத்துக்கொள்வோம். காரம் பட்டால் வழுவழுப்பாக, இதமாகக்கூட இருக்கும். தோல் போவது பிறகுதான் தெரியும். இதை முதலாமாண்டுப் பெண்களுக்கு வருஷந்தோறும் சொல்லிக்கொடுத்தவள் அவளே.

தொட்டியிலிருந்து ஒரு குடுவை நீர் பிடித்து வந்தாள். தன் உள்ளங்கையை நனைத்தாள், மஞ்சள். பிறகு அலமாரியிலிருந்து பினாப்தலீன் புட்டியை எடுத்தாள். இது வேறொரு நிறங்காட்டி. அமிலத்தில் நிறமற்று இருக்கும், காரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகும். ஒரு துளிதான் விட்டாள். குடுவை முழுவதும் அடர்ந்த ரோஜா நிறத்துக்கு மாறியது. மூலையில் முக்காலியில் இருந்த ஆறுச்சாமி அதைப் பார்த்தார். அவருக்கு அந்த நிறத்தின் பொருள் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரிச் சுவருக்கு அப்பால் இருப்பது மயில்சாமியின் பட்டறை. நூலைக் காஸ்டிக்கில் தோய்த்துப் பளபளப்பு ஏற்றுகிற இடம். கழிவு தேங்கும் குழிக்கும் கல்லூரித் தொட்டிக்கு நீர் இறைக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் நடுவே இருபது தப்படிதான் இருக்கும். கோமளவல்லி குடுவையை எடுத்துக்கொண்டு தாளாளரின் அறைக்குப் போனாள்.

மயில்சாமி எழுந்து நின்று வரவேற்றார். அவர் யாரையும் உட்கார்ந்தபடி வரவேற்றதில்லை. யாரிடமும் குரலை உயர்த்தியதும் இல்லை. அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும் மேடம். குழிக்கு அடியில எங்கியோ கசியுதாட்ட இருக்குது. நாளைக்கே தொட்டியக் கழுவி, ஆத்துத் தண்ணி லாரியில கொண்டாந்து ஊத்தச் சொல்லீரலாம். குழிக்கும் சிமிட்டி பூசீரலாம். போதுமுங்களா?”

“போதும். ஆறுச்சாமி?”

“அதை ஊரு பாத்துக்குமுங்க.” அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “சனங்க ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. இப்பப் போயி தண்ணியிலதான் கோளாறு, மஞ்சள் தப்புன்னு சொன்னா, உங்க வாக்குத்தானுங்களே போகும்? இருபத்தேழு வருஷத்துப் பேரு. அந்தாளு எப்படியும் ரெண்டு வருஷத்துல போறவருதான். வீட்டுல ஒக்காந்து நிம்மதியா இருக்கட்டும். புள்ளைக நாக்கு ஆறீரும், நீங்களும் உங்க சொல்லும் அப்படியே இருப்பீங்க. யாருக்கும் நட்டமில்லீங்களே?”

இவ்வளவையும் அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளுடைய நலத்தைக் கருதியே சொன்னார். அவர் எப்போதும் எல்லாருடைய நலத்தையும் கருதியே சொல்வார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, அவள் கையிலிருந்த குடுவையை வாங்கிக்கொள்கிறவர்போல அவள் கையைப் பற்றினார். அவள் உள்ளங்கை பொன்போல் மஞ்சளாயிற்று. அதைவிட அழகான மஞ்சளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அந்தக் கை வழுவழுவென்றிருந்தது. மூன்று தடவை கழுவினாள், வழுவழுப்பு போகவில்லை. இடக்கையால் வலக்கையைத் தடவிப் பார்த்தபோது, அது மயில்சாமி தொட்டதால் வந்ததா, முன்பே அங்கே இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் மயில்சாமியும், அவர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும். அது லாரித் தண்ணீர் அல்ல, பழைய தொட்டித் தண்ணீர்; தொட்டியைக் கழுவும் வேலை கூட்டம் முடிந்தபிறகு என்று ஏற்பாடாகியிருந்தது. ஆறுச்சாமி முன்வரிசையில், தனியாகப் போட்ட நாற்காலியில் இருந்தார். மூன்று பெண்களும் ஒவ்வொருவராக வந்து வாளியில் கைவிட்டார்கள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பிறகு ஆறுச்சாமியின் கையைத் தொட்டார்கள். சிவப்பு, சிவப்பு, எமிலியின் கையில் முன்னெப்போதும் வராத கருஞ்சிவப்பு. எமிலி அழுதாள். பேச முடியாததால் அழுகைக்குக் காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

மயில்சாமி மென்மையான குரலில், “நாம யாரையும் தண்டிக்கல. அவரு விலகிக்கிட்டாப் போதும்,” என்று தொடங்கியபோது கோமளவல்லி எழுந்து மேடைக்குப் போனாள்.

வாளியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டாள். எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். பினாப்தலீன் ஒரு துளி விட்டாள்.

கூடம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

“செவப்பு,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“பாத்தீங்களா, நான் சொல்லல?” என்றாள் ருக்மணி. “தண்ணியில அமிலம். இந்தாளுதான் ஊத்தியிருக்கறாரு. மேடமே காட்டிக்குடுத்துட்டாங்க.”

கோமளவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. சான்றைக் கொண்டுவந்தால் போதும், அது தானே பேசும் என்று நினைத்திருந்தாள். அவள் கொண்டுவந்த சான்றோ, அவள் சொல்லிவைத்த வாக்கியத்தின் மொழியில் பேசியது. அந்த வாக்கியம் நிற்கிறவரை அவள் எந்தப் புட்டியைக் கொண்டுவந்தாலும் அது ஆறுச்சாமியைத்தான் காட்டும். மயில்சாமியைப் பார்த்தாள். அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார், அவளுக்கு உதவுகிறவர்போல.

“இது அமிலம் அல்ல,” என்றாள். “இந்த மருந்து காரத்தில்தான் சிவக்கும். இந்தத் தண்ணீரில் இருப்பது காஸ்டிக். சுவருக்கு அந்தப்புறம் தாளாளர் பட்டறைக் குழியிலிருந்து கசிந்து வருகிறது. உங்கள் பிள்ளைகளின் நாக்கை உரித்தது அது.”

“என்னம்மணி பேசறீங்க?” ருக்மணி எழுந்து நின்றாள். “என்ற புள்ள கையில மஞ்சள் வந்துதுங்களே. மூணு புள்ளைகளுக்கும் வந்துது. மஞ்சள் வந்தா பயமில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நோட்டுல எழுதியிருக்குது.”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

“தவறாகச் சொன்னேன்.”

கூட்டத்தில் அவளிடம் படித்த பெண்கள் பதினைந்து பேராவது இருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, தன் காதில் விழுந்தது சரிதானா என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

“ஜரீனா சரியான கேள்வியைக் கேட்டாள்,” என்றாள் கோமளவல்லி. வகுப்பில் பேசும் அதே குரல், அதே வேகம். “அவசரத்தில் நான் பாதி விடையைச் சொல்லி எழுதவைத்தேன். முழு விடை இது. இந்தச் சாயத்துக்குப் புளிப்பு ஒன்றுதான் தெரியும். புளிப்பு இருந்தால் சிவக்கும். இல்லையென்றால் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் நல்லது என்று பொருளல்ல. மஞ்சள் என்றால், புளிப்பைத் தவிர வேறெதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். நல்ல தண்ணீரும் மஞ்சள். தோலை உரிக்கிற காஸ்டிக்கும் மஞ்சள். இது இரண்டையும் பிரித்துச் சொல்லாது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். பிறகு சுவர்களில் எழுதினார்களே, அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.”

“அப்பச் செவப்பு?” என்று யாரோ கேட்டார்கள்.

“எலுமிச்சம்பழமும் சிவப்பு. புளியும் சிவப்பு. தினமும் தின்கிறீர்கள். யாருக்கும் நாக்கு உரியவில்லை.”

“கருவலூர் மாப்பிள்ளையைத் தொரத்துனோமே,” என்றது ஒரு கிழக்குரல். அந்த மாப்பிள்ளை அதற்குள் வேறிடத்தில் மணமுடித்து, மாமியாரைக்கூடக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் சிடுசிடுப்பான கணவனாக இருந்தான் என்பது பின்னால் தெரிந்தது.

“உங்க கை எப்பவும் மஞ்சள்தானுங்களே மேடம்,” என்றாள் ருக்மணி. குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள்.

“ஆம். அதை வைத்து என்னைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நல்ல தண்ணீர் என்றும் சொல்ல முடியாது.”

ருக்மணி மகளைப் பார்த்தாள். நாகமணி வாளிக்குள் மறுபடியும் கையை விட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். “வழுக்குதும்மா,” என்றாள். ருக்மணி வந்து தானும் விரலை நனைத்துத் தேய்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சாய ஊர் அது. பட்டறைக்குள் கால்வைத்த எவருக்கும் அந்த வழுவழுப்பை விரல் அறியும். நிறத்தை நம்பி விரலைக் கேட்காமல் விட்டிருந்தார்கள். வரிசையாக வந்து, நனைத்து, தேய்த்துப் பார்த்து, தத்தம் இடத்துக்குப் போனார்கள். கடைசியாக ருக்மணி வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் மயில்சாமியின் முன்னால் வைத்து, “நீங்களும் தொட்டுப் பாருங்,” என்றாள். அவர் புன்னகையோடு குனிந்து விரல்நுனியை நனைத்தார். ஆமாம் என்று தலையசைத்தார். குழியை மூடிவிடுவதாகவும், வைத்தியச் செலவு தம்முடையது என்றும், இப்படி ஒரு தவறைச் சுட்டிக்காட்டிய மேடத்துக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. ஆட்டோக்களின் முதுகிலிருந்து அந்த வாக்கியம் போக ஒன்பது மாதம் பிடித்தது. ஆரம்பப் பள்ளிச் சுவரில் வெள்ளையடித்த பிறகும் அது மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

கோமளவல்லி மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் தனி நாற்காலியின் எதிரே வந்து நின்றாள்.

“ஆறுச்சாமி, சித்திரையில் நீங்கள் சொன்னீர்கள். வைகாசியிலும் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. நாற்பது பெண்களின் நாக்கும், இந்த ஒரு வாரம் நீங்கள் அந்த மூலையில் உட்கார்ந்திருந்ததும் அதனால் வந்தவை. திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வர வேண்டும்.”

கூடம் அவரைப் பார்த்தது. அவர் இப்போது ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் மேசைக்கும் துடைப்பத்துக்கும் ஒரு சொல் வைத்திருந்தவர், இதற்கு ஒன்று வைத்திருக்காமல் இருக்கமாட்டார். அது எவ்வளவு புளிப்பாக இருந்தாலும் இன்று வாங்கிக்கொள்வது என்று அவர்கள் ஆயத்தமாகவே இருந்தார்கள். கோமளவல்லியும் ஆயத்தமாக இருந்தாள். அந்தச் சொல்லுக்காகவே நின்றுகொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

ஆறுச்சாமி எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, சத்தம் எழாமல், வரிசையோடு சேர்த்து வைத்தார். அவளைத் தாண்டி, மேடையைத் தாண்டி, விலகி வழிவிட்டவர்களுக்கு நடுவே, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தார்.